முதுகில் மண் இல்லாத நாள்

அந்த வண்டியின் அடியில் நான் பார்க்கவில்லை. பார்த்தாச்சு என்று சொன்னேன்.

அவ்வளவுதான் என் குற்றம். கேட்க அற்பமாக இருக்கிறது, இல்லையா? அந்த ஒரு சொல்லை நம்பி ஏறியதில் என் அக்காவின் இடுப்பெலும்பு முறிந்தது. அதே சொல்லை நம்பிய ஓர் ஓட்டுநர், தவறு தன் கையில்தான் என்று முடிவு கட்டி, ஸ்டியரிங்கைத் தொடுவதையே விட்டுவிட்டார். உண்மை தெரிந்த நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, ஊரில் மரியாதையோடு நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

இருபத்தேழு வயது வரை நான் பல்லடம் சாலையில் ஒரு பட்டறையில் மெக்கானிக். லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில் மல்லாந்து கிடந்தே என் வாலிபம் போயிற்று. எண்பதுகளில் பனியன் தொழில் சூடு பிடித்தபோது, கையில் இருந்ததைப் போட்டு இரண்டு நிட்டிங் மெஷின் வாங்கினேன். இரண்டு எட்டாயிற்று. நானும் மற்ற முதலாளிகளைப்போல வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைக்கு மாறினேன். கஞ்சி போட்ட வேட்டி நடக்கும்போது எழுப்பும் அந்தச் சரசரப்பு... அதற்கு நான் அடிமையாகிவிட்டேன் என்றே சொல்லலாம்.

ஆனாலும் பழைய தொழில் என்னை விடவில்லை. கையில் கொஞ்சம் காசு புரண்டவர்களெல்லாம் கார், ஜீப் என்று அலைந்த காலம் அது. பழைய வண்டி வாங்கப் புறப்படுகிறவர்கள் முதலில் என் வீட்டு வாசலுக்கு வருவார்கள். நான் போய்ப் பார்த்துச் சரி என்றால் வாங்குவார்கள், உதட்டைப் பிதுக்கினால் திரும்பிவிடுவார்கள். இதற்காக நான் ஒரு காசு வாங்கியதில்லை. அந்த மரியாதையே எனக்குப் போதுமானதாக இருந்தது.

எப்படிப் பார்ப்பேன் தெரியுமா? சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போய் நிற்பேன். இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும். நான் போகுமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்துவிடும். ஆயில் மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பார்ப்பேன். மோர் நுரைபோல இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால், மேடு பள்ளத்துக்கென்றே இருக்கும் சின்ன கியரைப் போட்டு மண்மேட்டில் ஏற்றிக் காட்டச் சொல்வேன். விற்கிறவர் அதைப் போடத் தெரியாமல் தடுமாறினால், வாங்கிய நாளிலிருந்து போட்டதே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். கடைசியாகக் கோணிப்பையை விரித்து வண்டிக்கு அடியில் படுப்பேன். ஸ்குரூ டிரைவரின் பிடியால், வண்டியையே தாங்கும் இரும்புச் சட்டமான சேஸைத் தட்டிக்கொண்டே போவேன். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். துரு தின்ற இரும்பு தொப்பென்று சொல்லும். அடியில் பார்க்காத வண்டியைப் பார்க்காத வண்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன்!

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அக்காவின் கணவருக்கு அப்படியொரு வண்டி தேவைப்பட்டது. மச்சான் ஏற்றுமதி செய்பவர். உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு வாங்கியிருந்தார். தோப்புக்குப் போக ஒரு கல் ஓடையைக் கடக்க வேண்டும். சாதாரணக் கார் அங்கே சக்கரம் சுற்றியே நின்றுவிடும். வெளிநாட்டு வியாபாரிகள் வந்தால் ஏற்றிச் செல்லவும் கௌரவமாக ஒன்று வேண்டும் என்று அவருக்கு ஆசை.

வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறை முதலாளியிடம் ஜப்பான் வண்டி ஒன்று விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. டெல்லியில் ஏதோ தூதரகத்தில் ஓடி, ஏலத்தில் கைமாறி வந்ததாம். ஏசி, வெல்வெட் இருக்கை, நான்கு சக்கர இழுவை. திருப்பூரில் அப்போது அப்படிப்பட்ட வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மச்சான், நான், மச்சானின் டிரைவர் சின்னப்பன் மூவரும் போனோம். சின்னப்பன் சாமளாபுரத்துக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். பள்ளத்தில் இறக்கும்போது வண்டிக்கு வலிக்குமோ என்பதுபோல இறக்குவார். அக்கா அவர் ஓட்டினால் மட்டுமே வெளியூர் கிளம்புவாள்.

வண்டி பட்டறை முற்றத்தில் நின்றது. வெள்ளை நிறம், புதிதாகப் பெயிண்ட் அடித்தது. உப்பும் ஆசிடும் கலந்த சாயத்தண்ணீர் வாய்க்கால் அதன் பின்சக்கரங்களை ஒட்டியே ஓடியது. வாய்க்காலுக்கு மேலே கிடந்த இரும்பு மூடி அரித்துச் சல்லடையாகியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு உறைத்தது. வருடக்கணக்காக இங்கேயே நின்ற வண்டியின் அடிப்பாகம் எப்படி இருக்கும்?

இன்ஜினைப் பார்த்தேன், குறை இல்லை. சின்ன கியரைப் போட்டுப் பார்த்தேன், அதிலும் குறை இல்லை. படுத்துப் பார்ப்பதற்கு ஒரு கோணிப்பை கொண்டுவரும்படி சின்னப்பனை அனுப்பினேன். அவர் குடோன் பக்கம் போனார். மச்சான் ஒரு போன் பேச வேண்டுமென்று அலுவலக அறைக்குள் போயிருந்தார். நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

பட்டறை முதலாளி தன் நண்பர்கள் இருவரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூவரும் வெள்ளையும் சொள்ளையுமாக இருந்தார்கள். நான் வேட்டியை மடிப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"அடியில படுத்துப் பாக்கறீங்களாங்க? தாராளமாப் பாருங்க. உங்குளுக்குப் படுத்துப் பழகுன எடந்தானுங்களே."

நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேண்டுமென்றே சொன்னாரா, விளையாட்டாகச் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சிரிப்பில் என் எட்டு மெஷினும் காணாமல் போயின. மறுபடியும் முகத்தில் ஆயில் சொட்டக் கிடக்கும் பட்டறைப் பையனாகிவிட்டேன். அவர்கள் முன்னால் மல்லாந்து படுப்பதா? சரசரக்கும் அந்த வேட்டியோடு, புழுவைப்போல நெளிந்து உள்ளே போவதா?

மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டேன்.

சின்னப்பன் கோணிப்பையோடு வந்தார். வரும்போதே உதறிச் சுத்தம் செய்திருந்தார்.

"விரிக்கட்டுங்களாங்ணா?"

"வேண்டாம். பாத்தாச்சு."

"கோணிச்சாக்கு இல்லாமயேங்களா?"

"ம்... அடியெல்லாம் சுத்தமா இருக்குது."

"நானொருக்காப் பாக்கட்டுங்களா?"

"ஏனுங்க, நான் பாத்தாப் போதாதுங்களா?"

"அதுக்கில்லீங்ணா," என்று அவர் சங்கடத்தோடு சொன்னார். கோணிப்பையை அழகாக மடித்து, எடுத்த இடத்திலேயே வைக்கக் கொண்டுபோனார்.

அறையிலிருந்து வெளியே வந்த மச்சான், "என்னங்க மாப்ள, எப்படி?" என்று கேட்டார். தாராளமாக வாங்கலாம் என்றேன். நீங்கள் என்றைக்காவது பழைய வண்டி வாங்கப் போனால், அடியில் பார்த்தாச்சு என்று உடன் வந்தவர் சொன்னால், ஒரு காரியம் செய்யுங்கள். அவரைத் திரும்பச் சொல்லி முதுகைப் பாருங்கள். மச்சான் பார்க்கவில்லை. நம்பிக்கை உள்ள இடத்தில் யார் பார்ப்பார்கள்?

திரும்பும்போது நான் முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்தேன். ஏசி சில்லென்று முகத்தில் அடித்தது. நாலு நாள் கழித்து, மெதுவாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். நாலு நாள் போயிற்று. மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்டால், முதலில் பார்க்கவில்லையா என்று மச்சான் கேட்பார் அல்லவா? அதனால் கேட்கவில்லை.

நாலு மாதம் ஓடியது. ஒரு நாள் தேங்காய் வெட்டு. அக்காவை ஏற்றிக்கொண்டு சின்னப்பன் தோப்புக்குப் போனார். ஓடைக்குள் சின்ன கியரில், ஆள் நடக்கும் வேகத்தில்தான் இறக்கினாராம். எதிர்க்கரையில் முன்சக்கரம் ஏறும்போது, பின்பக்கத்துச் சேஸ் முறிந்து, வண்டி பக்கவாட்டில் கற்கள்மேல் சாய்ந்தது. அக்கா அடியில் மாட்டிக்கொண்டாள். சின்னப்பனுக்கு நெற்றியில் ஒரு கீறல் மட்டும்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் என்னைக் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"நீங்க அடியில நல்லாப் பாத்தீங்கல்லங்க மாப்ள?"

சின்னப்பன் பக்கத்தில்தான் நின்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தனுங்க மச்சான். சுத்தமா இருந்துச்சு."

அப்போது சொல்லியிருக்கலாம். உள்ளே அக்கா வலியில் முனகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சத்தமே போதாதா, சொல்வதற்கு?

அடுத்த நாள் நான் தனியாக ஓடைக்குப் போனேன். முறிந்த இடத்தில் தடிமனாகக் கறுப்புப் பூச்சு. பூச்சுக்குள் இரும்பே இல்லை. விரலால் பிய்த்தேன், அப்பளமாக உதிர்ந்தது. ஒரு தட்டு தட்டியிருந்தால் தெரிந்திருக்கும்... ஒரே ஒரு தட்டு! வேறு யாரும் பார்ப்பதற்குள், பழைய இரும்பு வாங்குகிறவரை நானே அழைத்துவந்து, வண்டியை அங்கேயே வெட்டி எடுத்துப்போகச் செய்தேன். மச்சானுக்கு ஏன் இந்த அலைச்சல் என்று நான் பொறுப்பாகச் செய்ததாக வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து சின்னப்பன் மச்சான் வீட்டுக்கு வந்து, கார் சாவியை மேசைமேல் வைத்தார். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணன் பாத்துச் சுத்தம்னு சொன்ன வண்டிங்க. நாந்தான் எங்கியோ கல்லுல ஏத்தி அடிச்சிருக்கோணும். எங்கன்னு எனக்கே தெரியலீங்க. இனி இந்தக் கைய நம்பி யாரையும் ஏத்த மாட்டனுங்க."

மச்சான் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை. அவர் வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையில் ஈரத்துணி தூக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்.

இதில் எது என் பெரிய குற்றம் என்று நான் எனக்குள் வழக்காடியிருக்கிறேன். பார்க்காமல் விட்டதை வீம்பு என்று சொல்லலாம். வராந்தாவில் சொன்ன பொய்யைப் பயம் என்று சொல்லலாம். சாவியை வைத்துவிட்டு அவர் படியிறங்கிப் போனபோது நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேனே, அதற்கு என்ன பெயர்? அக்காவிடம் சொன்னால்கூட அவள் மன்னித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து எனக்குச் சாப்பாட்டுத் தட்டு வைப்பாள். அதையும் தாங்க முடியாது என்றுதான் சொல்லாமல் இருக்கிறேன்.

பழைய வண்டி பார்க்க ஆட்கள் என்னிடம் வருவது நிற்கவில்லை. டிரைவர் சரியில்லாததற்கு அவர் என்ன செய்வார் என்று எனக்காகப் பரிந்து பேசினார்கள்.

ஆறு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னப்பனே என் வீட்டுக்கு வந்தார். இரு கைகளிலும் மணிக்கட்டு வரை நீலச்சாயம் ஏறியிருந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளை பொங்கலூர்ப் பையன், காய்கறி ஏற்ற ஒரு பழைய வேன் பார்த்து வைத்திருக்கிறானாம்.

"ஒரெட்டு வந்து நீங்க பாத்துச் சொல்லோணுங்ணா. உங்க கண்ணுக்குத் தப்பாதுங்க. நீங்க பாத்த வண்டியவே ஒடச்சவன் நான், எனக்கு அந்தத் தைரியம் இல்லீங்க."

போனேன். மறுக்க என்னால் முடியவில்லை. தோட்டத்து வாசலில் வேன் நின்றது. அந்தப் பையன் ஓரமாகக் கைகட்டி நின்றான். சின்னப்பன், "கோணிச்சாக்கு எடுத்தாரட்டுங்களா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். கஞ்சி போட்ட வேட்டியோடு செம்மண்ணில் அப்படியே மல்லாந்து படுத்து உள்ளே போனேன். முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஓர் இடம் விடாமல் தட்டினேன். எல்லா இடமும் கணீரென்றது. அந்த இருட்டில் கொஞ்ச நேரம் சும்மாவே கிடந்தேன். வெளியே போனதும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

வெளியே வந்து எழுந்தேன். "சுத்தமா இருக்குது. வாங்கலாம்," என்றேன். இந்தமுறை அது உண்மை.

சின்னப்பன் என் பின்னால் வந்து, முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். கைச்சாயம் வெள்ளைச் சட்டையில் பட்டுவிடக்கூடாது என்று புறங்கையால் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தவரின் கை நின்றது.

"அண்ணா... அன்னைக்கும் இப்பிடித்தான் முதுகெல்லாம் மண்ணாச்சுங்களா?"

குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஆறு வருடமாக அவர் உள்ளே புரட்டிக்கொண்டிருந்த கேள்வியா, அந்த நொடியில் தோன்றியதா, தெரியாது. நான் திரும்பவில்லை. எதிரே அந்தப் பையன் என்னை மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்ற ஒரு சொல்தான் வேண்டியிருந்தது.

"ஆச்சு," என்றேன்.

"அப்ப எங் கைதானுங்க," என்றார் சின்னப்பன்.

மறுபடியும் தட்டத் தொடங்கினார். ஒரு பொட்டு மண் மிச்சமில்லாமல் தட்டிவிட்டுத்தான் நிறுத்தினார்.