விசிறிக் காரின் பாவாடை

தையல் பிரிந்துதான் அந்தக் கார் சுவரில் போய் மோதியது என்று சொன்னது யார்? மேல்மாடிக்காரியா? அவள் கார் பந்தயத்தைத் தொலைக்காட்சியில்கூடப் பார்த்ததில்லை. ரொட்டிக்கடை வரிசையில் நின்றுகொண்டு, "கூடப் பிறந்தவன் இடுப்பையே ஒடிச்சிட்டாளே, பாவி" என்று வாய் கூசாமல் பேசுகிறாள். அவள் வீட்டு ஜன்னல் திரைக்கு ஓரம் அடித்துக் கொடுத்ததும் அதே அக்காவின் கைதான். இத்தனை வருஷத்தில் ஓர் இழை பிரிந்ததா? அதைச் சொல்வாளா? சொல்ல மாட்டாள்.

நடந்தது என்ன என்று முதலில் கேளுங்கள். கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

பஸ் இருக்கைகளுக்கும் வேன் இருக்கைகளுக்கும் உறை தைத்துக்கொண்டிருந்தவள் அந்த அக்கா. அப்பா இல்லாத வீடு. தம்பிக்குக் காலில் செருப்பு இல்லாவிட்டாலும் கையில் ஸ்டியரிங் வேண்டும், அப்படியொரு பைத்தியம். வாடகைக் கார் ஓட்டினான், சரக்கு வண்டி ஓட்டினான், கடைசியில் பந்தயக் கார் பட்டறை முதலாளி ஒருவரிடம் போய் ஒட்டிக்கொண்டான்.

அந்த முதலாளி புதுமாதிரியாக ஒரு காரைக் கட்டிக்கொண்டிருந்தார். பின்பக்கம் ஒரு பெரிய விசிறி. காருக்கு அடியில் இருக்கிற காற்றை அது உறிஞ்சி வெளியே தள்ளும். உடனே கார் பல்லி மாதிரி தரையோடு ஒட்டிக்கொள்ளும். மற்றவர்கள் பிரேக்கை மிதித்துத் தவிக்கிற வளைவில் இது பாட்டுக்குப் போகும். ஆனால் பக்கவாட்டிலிருந்து காற்று உள்ளே நுழைந்துவிட்டால் எல்லாம் போச்சு. அதைத் தடுக்கக் காரைச் சுற்றித் தரையைத் தொட்டுக்கொண்டு ஒரு ரப்பர் விளிம்பு வேண்டும். பட்டறையில் அதற்குப் பாவாடை என்று பெயர். "எங்க அக்கா தைப்பா சார்" என்றான் தம்பி. அன்றிலிருந்து அவள் பாவாடைக்காரி.

முதல் நாள் அளவு எடுக்கும்போது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு அளவு எடுக்க மாட்டாங்களே அண்ணே!"

"கல்யாணப் பொண்ணு இந்த வேகத்துல ஓட மாட்டாம்மா" என்றார் தலைமை மெக்கானிக்.

"மாப்பிள்ளையைப் பாத்தா ஓடுவா."

உள்ளே முரட்டுத் துணி, வெளியே ரப்பர், மேல் விளிம்பில் மூன்று வரிசைத் தையல். குதிரை கட்டி இழுத்தாலும் பிரியாது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. புதுப் பாவாடையோடு பந்தயத்தில் இறங்க மாட்டார்கள். புதுசு விறைப்பாக நிற்கும், மேடு பள்ளத்தில் தரையை விட்டு எழும்பும். பயிற்சி ஓட்டத்தில் தேய்ந்து தரைக்குப் பழகினதுதான் நன்றாக மூடும். அவளும் அப்படித்தான் சொல்வாள். அதில் தப்பும் இல்லை, அந்தப் பொத்தான் வரும்வரைக்கும்.

முன்னால் போகிற காரை நெருங்கிவிட்டால், பின்னால் வருகிறவன் மட்டும் அழுத்தலாம் என்று பந்தயம் நடத்துகிறவர்கள் புதிதாக அனுமதித்த பொத்தான் அது. அழுத்தினால் கொஞ்ச நேரம் விசிறி வெறிபிடித்த மாதிரி சுற்றும். கார் இன்னும் தாழ்ந்து தரையை இறுக்கிப் பிடிக்கும். வளைவிலேயே ஆளை முந்திவிடலாம். ஜனங்கள் எழுந்து நின்று கத்துவார்கள், வேறென்ன வேண்டும்? கார் தாழ்கிற ஒவ்வொரு முறையும் பாவாடை இரண்டு மடங்கு தேயுமே என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும்தான் தோன்றவில்லை.

அன்றைக்குப் பந்தயத்தில் தம்பி, பழகின பாவாடையோடு கடைசி வரிசையில் கிளம்பி, ஒவ்வொரு காராக முந்திக்கொண்டு வந்தான். ஒவ்வொரு தடவையும் பொத்தான். அவள் தொண்டை வறளக் கத்தினாள். முன்னால் ஒரே ஒரு கார் மிச்சம் இருக்கும்போது, இடது பக்கத்து ரப்பர் காகிதமாய்த் தேய்ந்து ஓட்டை விழுந்தது. காற்று உள்ளே புகுந்தது. பல்லி பிடியை விட்டது. எதிரே சுவர்.

உயிர் தப்பியது. இடுப்பு எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பட்டறைக்கு வந்து, கிழிந்த பாவாடையைத் தரையில் விரித்துப் பார்த்தாள். மூன்று வரிசைத் தையலும் அப்படியே இருந்தது. கீழே ரப்பர்தான் இல்லை.

"பழகின பாவாடையே போதும்னு நானும்தானே அண்ணே சொன்னேன். பட்டன் வந்தப்புறம் அது ஆகாதுன்னு நம்ம யாருக்கும் உறைக்கலையே."

மெக்கானிக் குனிந்து, தேய்ந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

மறுநாள் பந்தயம் நடத்துகிறவர்களின் விசாரணை. அது தொடங்குவதற்கு முன்னாலேயே முதலாளி பட்டறைக்கு வந்து, சிரித்த முகமாக எதிரே உட்கார்ந்தார்.

"தையல் பிரிஞ்சிடுச்சுன்னு சொல்லிடும்மா. கைத்தவறு, யாருக்கும் வரும். பட்டனாலதான் தேஞ்சுதுன்னா விசிறியையே தடை பண்ணிடுவாங்க. அடுத்த வாரம் ரெண்டு கார் இறங்கணும். உன் தம்பி எழுந்து வந்ததும் ஒண்ணு அவனுக்குத்தான்."

சொல்லிவிட்டுக் கைபேசியை நீட்டினார். மறுமுனையில் தம்பி.

"அக்கா, எனக்காக ஒரே ஒரு வார்த்தை."

ஒரு வார்த்தையாம்! செருப்பில்லாத காலத்திலிருந்து அவனுக்குச் சோறு போட்டவளிடம் கேட்கிறான். வயிறு எரியாதா?

"அந்த ரெண்டு கார்ல உக்கார்றவனுக்கும் அக்கா இருப்பாடா" என்றாள்.

"உனக்கு ஊரான்தான் முக்கியம். என் வாழ்க்கையைப் பாக்க மாட்டியா?"

"பாத்தேனே. சுவத்துல அப்பிக் கிடந்துச்சு."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். முதலாளியின் சிரிப்பு காணாமல் போயிற்று.

"நீ சொல்லாட்டி என்ன? தையல்தான்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

ஆமாம், சொல்லியிருந்தார். பட்டறையிலிருந்து ரொட்டிக்கடைக்கு வர எத்தனை நேரம் ஆகும்? மேல்மாடிக்காரி அதைத்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறாள்.

அக்கா எழுந்தாள். கிழிந்த பாவாடையைச் சுருட்டி, அளவு நாடாவால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அது பட்டறைப் பொருள். கீழ வை."

"விசாரணையில காட்டிட்டு அங்கயே குடுத்துட்டுப் போறேன். வந்து வாங்கிக்குங்க சார்."

"வாசலைத் தாண்டினா திரும்பி வர வேணாம்."

முதலாளி ஷட்டரைப் பாதிக்கு இழுத்துவிட்டு அதன் முன்னால் நின்றார். அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்களும் வந்து சொல்றீங்களா?"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்கம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. ஆனால் எழுந்து வந்து, முதலாளியைத் தாண்டிக் கையை நீட்டி, ஷட்டரை மேலே தள்ளிவிட்டார். முதலாளி ஒதுங்க வேண்டியதாயிற்று.

விசாரணை அறை தெருவுக்கு அந்தப் பக்கம். வெளியே வந்தவள், ஒரு லாரி போகட்டும் என்று ஓரமாக நின்றாள். தோளில் பாரம் வழுக்கியது. சரிசெய்துகொண்டு தெருவைக் கடந்தாள்.