பின்னுக்கிருந்து எண்ணிய எஞ்சின்

என் வாய் என்னைப் பல இடங்களில் மாட்டிவிட்டிருக்கிறது. அந்தமுறை மாட்டிவிட்டது எஞ்சினை.

கிண்ணியாவில் மீன்பிடி வள்ளங்கள் வைத்திருந்த முஸ்லிம் அண்ணர் ஒருவர், நானா என்போம், வள்ள எஞ்சினைத் திருத்தத் திருகோணமலைப் பாலையூற்றிலிருந்த எங்கள் கொட்டிலுக்கு வந்திருந்தார். அது இருமிய இருமலைக் கேட்டு, "நானா, இதுக்கு மெக்கானிக் வேண்டாம், கசாயம் குடுக்கிற பரியாரிதான் வேணும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மூலையில் சாக்கு மூடிக் கிடந்த எங்கள் எஞ்சினைக் காட்டினார். "உங்கட உது மூச்சே விடல்லையே தம்பி."

"வாற வெள்ளிக்குள்ள பாட வைக்கிறன்."

"பாடாட்டி?"

"தூக்கிக்கொண்டுபோய்க் கடலுக்க நங்கூரமாப் போட்டு வள்ளத்தைக் கட்டுங்கோ."

"சரி. ஜும்மாத் தொழுகை முடிஞ்ச கையோட லொறியும் கயிறும் கொண்டு வாறன்."

நான் பகிடிக்குச் சொன்னேன். அவர் பகிடிக்கு எடுக்கவில்லை.

அது ரேஸ் கார் எஞ்சின். கடற்படைத் துரை ஒருவர் கப்பலில் கொண்டுவந்தது. ஆறு சிலிண்டர், காற்றை வலிந்து ஊட்ட முன்னால் ஓர் ஊதி. பாரம் குறைய வேண்டும் என்று சுவரெல்லாம் மெல்லிசாக வார்த்திருந்தார்கள். உலகத்தையே முந்த நினைத்துச் செய்தது, கந்தளாய் ரோட்டில் ஒரு மரத்தை முந்த முடியாமல் நின்றது. கார் நொறுங்கிப் போய்விட்டது, எஞ்சின் மிஞ்சியது. வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன பிறகு கப்பல் திருத்தும் டொக்யாட்டின் பிட்டர்மார் மாறி மாறி அதை முடுக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் நெருப்பைக் கக்கியதே தவிர ஓடவில்லை. சனியன் பிடித்தது என்று பழைய இரும்போடு தள்ளியதை நான் கெஞ்சி எடுத்துவந்தேன்.

அக்காவின் புருஷனும் டொக்யாட்டில் படகு எஞ்சின் பிட்டர்தான். இரண்டு வருஷமாக லீவு நாளெல்லாம் அத்தானும் நானும் அதோடுதான் கிடந்தோம். எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் ஓடும் சுவரில் மயிர்போல் ஒரு வெடிப்பு. அதை அத்தான் சின்னச் சின்ன ஆணிகளால் தைத்திருந்தார். எத்தனை முடுக்கலுக்குத் தாங்கும் என்று அவருக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை ஹாண்டிலைச் சுற்றினேன். 'டப்' என்று காற்றுக் குழாயால் நெருப்பு வந்தது. இரண்டாம் முறை சாக்கில் பற்றியது. அக்கா குசினியிலிருந்து ஓடிவந்து மண் அள்ளிக் கொட்டினாள்.

"வீட்டைக் கொளுத்திப்போட்டு ரெண்டுபேரும் அந்த எஞ்சினுக்குள்ளயே போய்ப் படுங்கோ!"

மூன்றாம் முறை, தைத்த இடத்தில் ஒரு துளி தண்ணீர் அரும்பியது. அத்தான் நெற்றியைத் துடைத்தார். "இனி ஏலாதடா. இன்னும் ஒண்டு, கூடினா ரெண்டு. அதுக்கு மேல சுவர் பிளந்திடும்."

பள்ளிவாசலில் ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னது. பயந்தால் எனக்கு வாய் கூடும்.

"அத்தான், நான் எட்டாம் வகுப்போட நிண்டவன். ஆறு மட்டும் எண்ணத் தெரியும். எண்ணிப் பாக்கட்டோ?"

பிளக் வயர் ஒவ்வொன்றிலும் துரையின் ஆட்கள் கட்டிய பித்தளை இலக்கம் தொங்கியது. முன்னால், ஊதிப் பக்கமிருந்து எண்ணினேன். "ஆறு, அஞ்சு, நாலு... என்ன, தலைகீழாக் கிடக்கு?"

"விசரா, ஒண்டு அங்க, பின்னுக்கு. தண்டு பூட்டுற பக்கம்."

"அது உங்கட படகுக்கு. காருக்கு மூக்கில இருந்தெல்லோ எண்ணுறது?"

அத்தான் வயர்களைத் திரும்ப எண்ணினார். அவர் எண்ணியது போலத்தான் டொக்யாட்டில் எல்லாரும் பின்னுக்கிருந்து எண்ணி வயர்களைப் பூட்டியிருந்தார்கள். இத்தனை வருஷமும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி வேண்டாத நேரத்தில் போய், திறந்திருந்த வால்வால் நெருப்பு வெளியே வந்திருக்கிறது. சனியன் எஞ்சினில் இல்லை.

ஆறு வயரையும் மாற்றிப் பூட்டினார். கடைசி வயரைப் பூட்டும்போது வாசலில் லொறி நின்றது. நானா தோளில் கயிற்றோடு இறங்கினார்.

"என்ன, பாட்டுக்காரர் தயாரோ?"

ஹாண்டிலைச் சுற்றினேன். ஒன்றுமில்லை. வெடிப்பில் இரண்டாவது துளி. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு முறை சுற்றினேன்.

கத்தியது. கொட்டில் தகரமெல்லாம் கூடக் கத்தியது. முருங்கையிலிருந்து காகங்கள் எழும்பின. நானா ஏதோ சொன்னார். வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. எஞ்சின் தான் இருந்த மரச்சட்டத்தோடு மெல்ல மெல்ல நகர்ந்து அக்காவின் குசினிச் சுவரை நோக்கிப் போகத் தொடங்கியது. நானும் அத்தானும் பிடித்துத் தொங்கினோம். நிற்கவில்லை.

நானாதான் பாய்ந்து, கொண்டுவந்த கயிற்றைச் சட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, வள்ளம் கட்டுவதுபோல் வாசல் வேப்பமரத்தில் இழுத்துக் கட்டினார். நின்றது. அத்தான் பெற்றோலை அடைத்தார். வெடிப்பால் தண்ணீர் ஒழுகியது, ஆனால் சுவர் பிளக்கவில்லை.

காது கூவியது. நானா கைத்தூசியைத் தட்டிக்கொண்டார்.

"பாடிட்டுது. ஒத்துக்கொள்றன். தம்பி, கார் எங்க?"

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் அக்காவைப் பார்த்தார்.

"கயிறு கிடக்கட்டும்," என்றார் நானா. "கார் இல்லாம ஓடுறதைக் கட்டிவைக்க உங்களுக்குத்தான் தேவை."