கல்லாற்றில் வந்த மரம்

ஆண்டவருக்குள் எனக்கு அன்பானவர்களே, எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். சபையில் எழுந்து நின்று பேச எனக்கு வராது, நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் எழுதுவேன். என் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதனால் கண்ட காரியத்தைக் கண்டபடியே எழுதுகிறேன்.

1998-ஆம் வருஷம், மே மாதக் கடைசி. கல்லாற்றின் கரையில் நின்று, என் கூட வேலை செய்கிறவர் சாகப்போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் ஒன்றுமே செய்ய முடியவில்லை.

அப்போது திருவனந்தபுரத்தில் ஒரு குளிர்பான ஏஜென்சியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே 'சாலை' என்று பெயருள்ள பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் கோடவுன். ஜனங்கள் 'கலர் வண்டி' என்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் நெடுமங்காடு, விதுரை, கல்லாறு, அப்புறம் மேலே பொன்முடி. நிறைந்த பெட்டிகளை இறக்கிவிட்டுக் காலி பாட்டில்களை ஏற்றி வரவேண்டும். சுமை இறக்கச் சசி அண்ணன் கூட வருவார். நெடுமங்காட்டு மலையாளி. சாலைக் கடைத்தெருவில் தமிழ் வியாபாரிகளுக்கு மூட்டை தூக்கித் தூக்கியே தமிழ் பழகியவர். நான் ஜெபிக்கிறவன் என்பதால் எனக்குப் பாதிரி என்று பட்டம்.

அன்றைக்கு வழியெல்லாம் அவருக்குத் தன் மகளைப் பற்றித்தான் பேச்சு. பல வருஷம் காத்திருந்து பிறந்த பிள்ளை.

"ஞாயிற்றுக்கிழமை இருபத்தெட்டு கெட்டு. நீ வரணும் கேட்டோ, பாதிரியே. உன் முகத்தைக் கண்டு பிள்ளை அழாம இருந்தா உனக்குப் பாயசம் உண்டு."

"அழுதா?"

"அழுதா பாயசம் எனக்கு."

பிறந்த இருபத்தெட்டாம் நாள் குழந்தையின் இடுப்பில் தகப்பன் கறுப்புக் கயிறு கட்டுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

கல்லாற்றில் ஆற்றோரமாக ஓமனச் சேச்சியின் சின்னக் கடை. அங்கே பிரிட்ஜ் கிடையாது. தேவையும் இல்லை. மலையிலிருந்து வருகிற தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். பாட்டில் பெட்டிகளைக் கயிற்றில் கட்டி ஆற்றுக்குள் இறக்கி வைத்துவிடுவோம். நடு ஆற்றில் ஒரு பெரிய பாறை. அதன் அடியில்தான் ஆழமும் குளிரும் அதிகம். சசி அண்ணன் வழக்கம்போல முதல் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் பாறைக்குப் போனார். போகிற வழியில் தண்ணீர் முட்டளவுதான் இருந்தது. அடுத்த பெட்டியை எடுக்க நான் வண்டிக்குத் திரும்பினேன்.

கல்லாற்றில் வெயில் அடித்தது. மேலே பொன்முடி மட்டும் கறுத்துக் கிடந்தது. நாங்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

முதலில் தண்ணீரின் நிறம் மாறியது. பிறகு சருகுகள் வந்தன. ஓமனச் சேச்சி கடையை விட்டு வெளியே ஓடிவந்து அலறினார்: "மலவெள்ளம்! சசியே, கேறி வா! விட்டுட்டு கேறி வா!"

சசி அண்ணன் தலை நிமிர்வதற்குள் ஆறு வந்துவிட்டது. அப்படித்தான் சொல்ல வேண்டும். அதுவரை இருந்தது ஆறே அல்ல. அவர் பாறைமேல் தாவி ஏறினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அங்கேயும் ஏறியது. கணுக்கால், முட்டு, தொடை. பெட்டி கட்டுகிற கயிற்றை எடுத்து வீசினேன். எட்டவில்லை. மறுபடி வீசினேன். வெள்ளம் அதைத் திருப்பி என் காலிலேயே கொண்டுவந்து போட்டது. எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் அந்தத் தண்ணீரில் நீச்சல் தெரிந்து என்ன பயன்? ஃபயர் போர்ஸுக்குச் சொல்ல ஒருவர் ஓடினார். அவர்கள் எப்போது வந்து சேருவது!

"டேய், அவளை நோக்கிக்கோ! என் பிள்ளையை..." சசி அண்ணன் பாறைமேலிருந்து கத்தினார். மீதி கேட்கவில்லை.

ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டிகளில் பரிசு வாங்கியவன் நான். ஒரு வசனம்கூட வாயில் வரவில்லை. சேற்றில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, சசி அண்ணன்! ஆண்டவரே, சசி அண்ணன்!" என்று மட்டும் கத்தினேன்.

கண்ணைத் திறந்தேன். மேலே வளைவில் ஒரு மரம் வந்துகொண்டிருந்தது. வேரோடு பெயர்ந்த பெரிய காட்டுமரம். நேராக அவரைப் பார்த்து வந்தது. என் உயிரே போய்விட்டது. உதவி கேட்டேன், இது வருகிறதே! "ஆண்டவரே, மரத்தை விலக்கும்! விலக்கும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மரம் விலகவில்லை.

அதன் கிளைகள் எங்கள் கரையோரப் பாறைகளில் போய்ச் சிக்கின. வேர்ப்பக்கம் மெதுவாக, யாரோ கதவைச் சாத்துவதுபோல, நடு ஆற்றை நோக்கித் திரும்பியது. சசி அண்ணன் நின்ற பாறையில் வந்து முட்டி நின்றது. கரைக்கும் பாறைக்கும் நடுவே ஒரு பாலம். அவர் வேரைப் பிடித்து ஏறி, அடிமரத்தைக் கட்டிக்கொண்டு தவழ்ந்து வந்தார். நான் கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கரையில் நின்றவர்களிடம் கொடுத்துவிட்டு இறங்கி அவர் சட்டையைப் பிடித்தேன். இருவரும் கரையில் விழுந்தோம். திரும்பிப் பார்த்தபோது மரம் முறிந்து போய்க்கொண்டிருந்தது. பாறையும் மறைந்துவிட்டது.

ஓமனச் சேச்சி பால் இல்லாத கட்டன் சாயா கொண்டுவந்தார். சசி அண்ணன் கொஞ்சம் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எடா பாதிரி, நீ என்னவாக்கும் கூவினது? மரத்தை விலக்கு, மரத்தை விலக்குன்னு?"

"ஆமா அண்ணா."

"உன் தெய்வம் அதைக் கேட்டிருந்தா நான் இப்ப எங்கேடா இருப்பேன்?"

சிரிக்க ஆரம்பித்தவர் அப்படியே அழுதுவிட்டார். நானும் அழுதேன். என் முதல் கூக்குரலைக் கேட்ட ஆண்டவர், இரண்டாவதைக் கேட்டும் கேளாமல் இருந்தார். இவ்வளவு பெரியவரிடமா நான் தினமும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று பயமாக இருந்தது. இன்றும் அந்தப் பயம் போகவில்லை. அதை நான் ஆசீர்வாதமாக நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நெடுமங்காடு போனேன். அவர் தன் கையால் மகளுக்குக் கயிறு கட்டினார். பிள்ளை என்னைப் பார்த்து நன்றாகவே அழுதாள்.

அதற்குமுன் என் ஜெபங்கள் ஆண்டவருக்கு வழி சொல்லிக்கொடுக்கிற ஜெபங்களாக இருந்தன. இதைத் தாரும், அதை நீக்கும், இன்ன மாதிரி செய்யும் என்பேன். இப்போது பெயரைச் சொல்கிறேன், அவர் பாதத்தில் வைக்கிறேன், நிறுத்திக்கொள்கிறேன்.

பிரியமானவர்களே, நீங்கள் எந்தத் தண்ணீரின் நடுவே நிற்கிறீர்களோ எனக்குத் தெரியாது. அவரைக் கூப்பிடுங்கள். கூப்பிட்ட பிறகும் பயங்கரமான ஒன்று உங்களை நோக்கி வந்தால் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். அதன்மேல் தவழ்ந்துதான் நீங்கள் கரையேற வேண்டியிருக்கலாம்.