அப்பாக்கள் எழுதிய பனி

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் பீல் நகரத்தில், போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. சும்மா சொல்லவில்லை. கையிலிருந்த தேநீர் பாதி சட்டையில்தான் கிடந்தது.

சனிக்கிழமைகளில் இங்குள்ள பிள்ளைகளுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுப்பது உங்களுக்குத் தெரியும். தேவாலயத்துக்குக் கீழே ஒரு மண்டபம். எல்லாம் ஆறு, ஏழு வயதுச் சிறுசுகள். மார்கழியில் ஒருநாள், யன்னலுக்கு வெளியே பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது. அரிச்சுவடியை யார் பார்க்கிறார்கள்? சரி, வாருங்கள் என்று வெளியே கூட்டிக்கொண்டு போனேன். தொட்டுப் பாருங்கோ, நக்கியும் பாருங்கோ, பிறகு நாலு வரி சொல்லுங்கோ — இவ்வளவுதான் என் பாடத்திட்டம்.

சொன்னார்கள்! அழகழகாகச் சொன்னார்கள். அந்த மகிழ்ச்சியில், இதைப் பொங்கல் விழா மேடையில் சொல்லலாம், வீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். அங்கேதான் வந்தது வினை.

அடுத்த கிழமை வந்ததைப் படித்தேன். தலை சுற்றியது.

“பனியே! பனிமகளே! ஏதிலித் தமிழனின் எரியும் நெஞ்சை ஆற்றாயோ!”

இது ஏழு வயது சுதாவின் கவிதை. ஏழு வயதில் நெஞ்சில் என்ன எரிச்சல்? மற்றப் பிள்ளைகளிடமும் இதே கண்ணீர், இதே எரிமலை. எல்லாம் அப்பாக்களின் கைவண்ணம்! நம்மவர்கள் வீட்டுப்பாடத்தைப் பிள்ளையை நம்பி விடுவார்களா, என்ன?

சுதாவின் அப்பா மகேசன் அண்ணைதான் விழாக்குழுத் தலைவர். மண்டபத் திறப்பும், அதுதான் சாவியும், அவர் கையில்தான். மெல்ல வாயைத் திறந்தேன்.

“அண்ணை, பிள்ளை சொன்னதையே விடுவமே?”

“ரீச்சர், அது சும்மா கதை. கவிதை எண்டால் கவிதை மாதிரி இருக்கவேணும். சபைக்கு முன்னாலை பிள்ளையள் சொதப்பினால், இந்த வகுப்பு என்னத்துக்கெண்டு சனம் கேக்கும். பிறகு என்னாலையும் மண்டபம் எடுத்துத் தர ஏலாது.”

ஆக, என் வகுப்பு சுதாவின் நாக்கு நுனியில் தொங்கியது. வாயை மூடிக்கொண்டு அப்பாவின் வரிகளையே அவளைப் பாடமாக்க விட்டேன். “ஆற்றாயோ எண்டால் என்ன ரீச்சர்?” என்று அவள் கேட்டபோது, தேநீர் ஆற்றுவதுபோல என்று சொல்லிச் சமாளித்தேன்.

விழா வந்தது. மண்டபம் நிறையச் சனம். சுதா பட்டுப் பாவாடையில் மேடையேறினாள். “பனியே! பனிமகளே!” என்றாள். அவ்வளவுதான்... நின்றுவிட்டாள்.

முன்வரிசையில் மகேசன் அண்ணை வாயசைத்துக் காட்டுகிறார். பிள்ளைக்கு உதடு பிதுங்குகிறது. இதோ, அழப் போகிறாள். திரையோரம் நின்ற நான் அடுத்த அடியை எடுத்துக்கொடுக்க வேண்டும். ஏனோ மனம் வரவில்லை.

“பிள்ளை, உன்ரையைச் சொல்லு” என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

“இரவு பனி வந்தது.
என்ரை சைக்கிளுக்குத் தொப்பி போட்டது.
அப்பா வெளியிலை வந்தார்.
தொப்பெண்டு விழுந்தார்.
பனி சிரிக்கேல்லை.
நான்தான் சிரிச்சன்.”

சனம் மகேசன் அண்ணையைத் திரும்பிப் பார்த்தது. போச்சு, வகுப்பு போச்சு என்று நினைத்தேன். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். பிறகு மண்டபமே அதிர்ந்தது. ஊரிலிருந்து போட்டு வந்த சப்பாத்தோடு வெளிக்கிட்டு, முதல் பனியில் விழாத ஆள் அங்கே யார்? ஆளுக்கு ஆள் தாங்கள் விழுந்த இடத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மகேசன் அண்ணை மட்டும் உம்மென்று இருந்தார்.

தேநீர் நேரத்தில் நேரே என்னிடம் வந்தார். கையில் மண்டபத் திறப்பு.

“ரீச்சர், பிள்ளை சொன்னது பிழை.”

தேநீர் சட்டையில் கொட்டியது அப்போதுதான்.

“நான் ஒருக்கால் மட்டும் விழேல்லை. எழும்பி, ஏனடி சிரிக்கிறாய் எண்டு கத்தினனான். கத்தின கையோடை திரும்பவும் விழுந்தனான். வாற சனிக்கிழமை அதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கோ.”

திறப்பை என் கையில் வைத்துவிட்டு வடை எடுக்கப் போனார். அப்பாடா!

பிள்ளைகளுக்குக் கவிதை சொல்லிக்கொடுப்பது பெரிய வேலையில்லை. அவர்களைப் பனியில் விட்டால் போதும். பெரியவர்களைச் சற்றுத் தள்ளி நிற்க வைப்பதற்குத்தான் தனி வகுப்பு வேண்டும்.

ஒன்று சொல்கிறேன்... அண்ணை எழுதிய கவிதையைவிட, அவர் இரண்டாம் தரம் விழுந்தது எவ்வளவோ நல்ல கவிதை. திறப்பு என் கையில் இருக்கும் துணிச்சலில்தான் சொல்கிறேன்!