சித்தரத்தை தேடிப் போன சனிக்கிழமை

அத்தைக்குக் குரல் போனது டிசம்பர் மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அவளுக்கு ரேடியோவில் குரல் தேர்வு. தில்லியிலிருந்து தமிழில் செய்தி வாசிக்க ஆள் எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்து, யாரையும் கேட்காமல் விண்ணப்பம் போட்டவள் அவள். அழைப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் வீட்டில் விஷயத்தைச் சொன்னாளாம்.

அவள் அப்பாவின் ஒரே தங்கை. தமிழில் எம்.ஏ. படித்திருந்தாள். தென்காசியில் அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார் அப்பா. இரண்டு ராத்திரி ரயிலில் வந்து ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் இறங்கியபோது நன்றாகத்தான் பேசினாள். கணீரென்ற குரல். அடுத்த வீட்டு சர்தார்ஜி மாமி அதைக் கேட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு தில்லிக் குளிரும் அக்கம்பக்கத்துக் கரி அடுப்புப் புகையும் அவளைப் பிடித்துக்கொண்டன. செவ்வாய்க்கிழமை தொண்டை கரகரத்தது. "அண்ணா, கொஞ்சம் சித்தரத்தை வாங்கிட்டு வாங்க. ஒரு துண்டை வாயில அடக்கிக்கிட்டாச் சரியாயிரும்" என்று அப்பாவிடம் கேட்டாள். புதன்கிழமை ஆபீஸ் முடிந்து ஐ.என்.ஏ. மார்க்கெட் போய்வந்த அப்பா, "அங்க இல்லையாம்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார். வெள்ளிக்கிழமை அத்தை வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

அவள் அழவில்லை. என் சிலேட்டை எடுத்துவைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வேண்டியதை எல்லாம் அதில் எழுதிக் காட்டினாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. இந்தி தண்ணீர்பட்ட பாடு. தமிழ் பேசுவேன், படிக்க வராது. ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுக் கூட்டிச் சொல்லி முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். 'சித்தரத்தை' என்ற சொல்லை அன்று நான் நான்கு தடவை கூட்டி வாசித்தேன். அப்படி என்றால் என்ன என்று கேட்டதற்கு, 'இஞ்சிக்குத் தங்கச்சி' என்று எழுதினாள்.

சனிக்கிழமை அப்பாவுக்கு அரை நாள் ஆபீஸ். தம்பிக்குக் காய்ச்சல் என்பதால் அம்மாவால் வெளியே வர முடியாது. அத்தை புடவை மாற்றி, ஸ்வெட்டர் போட்டு, சிலேட்டோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஊமை மாதிரி எங்க போவே நீ? பஸ்காரன்கிட்ட என்னன்னு சொல்லுவே?" என்றாள் அம்மா.

அத்தை என்னைக் காட்டினாள்.

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் தலையில் குல்லாயை இறுக்கிக் கட்டி, "அத்தை கையை விட்டே, கொன்னுருவேன்" என்று சொல்லி அனுப்பினாள்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நாங்கள் வாடிக்கையாகச் சாமான் வாங்கும் கடைக்காரர் சாத்தூர்ப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நான் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினார்.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சே தாயி. ஒரு டாக்டரம்மா வந்து மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"புதன்கிழமையே இல்லைன்னு சொன்னீங்களாமே, அப்பா சொன்னாங்க" என்றேன்.

"யாரு? உங்கப்பாவா? வந்தாரு. புளி வாங்கினாரு, அப்பளம் வாங்கினாரு. சித்தரத்தைன்னு அவர் கேக்கவே இல்லையே!"

அத்தை அசையாமல் நின்றாள். பிறகு சிலேட்டில் வேகமாக ஏதோ எழுதி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நீளமான வாக்கியம். அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முன்னால் எழுத்துக் கூட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. படித்துவிட்டவள்போல் தலையை ஆட்டினேன். அத்தை அதை அழித்துவிட்டாள்.

அண்ணாச்சி காலி டின்னைக் கவிழ்த்துத் தட்டினார். விரல் நுனி அளவில் ஒரு துண்டு விழுந்தது. செம்பழுப்பு நிறம், மேலே வளையம் வளையமாகக் கோடு. "இதை வச்சுக்கிட்டு காரி பாவ்லிக்குப் போங்க. மருந்துச் சாமான் பூரா அங்கதான் வருது. இந்தியில என்ன பேரோ, எனக்குத் தெரியாது."

பழைய தில்லிக்கு இரண்டு பஸ். காரி பாவ்லியில் மூட்டை மூட்டையாக மிளகாயும் மல்லியும் ஏலக்காயும் குவிந்து கிடந்தன. தலையில் மூட்டையோடு வந்தவர்கள் எங்களை இடித்துக்கொண்டு ஓடினார்கள். மிளகாய் நெடியில் தெருவே இருமியது. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமினாள், இருமலுக்குக்கூடச் சத்தமில்லை. நான் கடை கடையாக ஏறித் துண்டை நீட்டி, "பையா, யே ஹை க்யா?" என்று, இது இருக்கிறதா அண்ணா என்று இந்தியில் கேட்டேன். ஒருவன் சுக்கை எடுத்துக் காட்டினான். ஒருவன் வசம்பை. இன்னொருவன் விரலி மஞ்சளைக் காட்டி, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று சாதித்தான். அத்தை ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து இல்லை என்று தலையசைத்துவிட்டு அடுத்த கடையில் ஏறினாள்.

எத்தனை கடை என்று நினைவில்லை. கால் வலித்து, வீட்டுக்குப் போகலாம் என்று நான் அழ ஆரம்பித்தேன். அத்தை என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டாள். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த பக்கம் திரும்பாமல், இன்னும் உள்ளேதான் நடந்தாள்.

தெருமுனையில் ஒரு பீடாக் கடை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த கிழவர் நான் அழுவதைப் பார்த்து என்னவென்று கேட்டார். துண்டைக் காட்டினேன். வாங்கி, நகத்தால் கீறி முகர்ந்தார்.

"அரே பேட்டீ, யே தோ பான் கீ ஜட் ஹை!"

வெற்றிலையின் வேராம் என்று அத்தைக்கு மொழிபெயர்த்தேன். அவள் இல்லவே இல்லை என்று தலையாட்டினாள். கிழவர் சிரித்தார். பெயர்தான் அப்படி, வெற்றிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கடையில் குலஞ்சன் என்று கேட்க வேண்டும் என்றார். பாட்டுக்காரர்கள் தன்னிடம் பீடாவில் இதைச் சீவிப் போடச் சொல்லிக் கேட்பார்களாம். பலகைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார். அத்தை குனிந்து முகர்ந்தாள். இஞ்சி வாசனையும் கற்பூர வாசனையும் கலந்து எனக்கே மூக்கில் ஏறியது. அவள் ஒரு துண்டை வாயில் போட்டுக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. காரத்தினால்தான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். வாங்கி வந்ததில் பாதியை இடித்து மிளகோடும் பனங்கற்கண்டோடும் கொதிக்கவைத்துக் கஷாயம் போட்டாள். கொஞ்சத்தைத் தட்டி ரசத்தில் போட்டாள். மிச்சம் அத்தையின் கன்னத்துக்குள் அடங்கியது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டு, "என்ன வாசனை இது?" என்றார்.

"சித்தரத்தை! அப்பா, நீங்க கடையில கேக்கவே இல்லையாமே? அண்ணாச்சி சொன்னாரு. மறந்துட்டீங்களா?" என்றேன். அப்பா ஒன்றை மறந்து நான் பார்த்ததில்லை. அவரைக் கேலி செய்யக் கிடைத்த சந்தர்ப்பத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அம்மாவின் கரண்டி நின்றது. அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். மார்க்கெட்டில் அவள் என்ன எழுதிக் காட்டியிருப்பாள் என்று அப்போதாவது நான் ஊகித்திருக்க வேண்டும்.

"ஆமாம்" என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடி. "மறந்துட்டேன்."

அத்தை எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். சிலேட்டில் எழுதினாள். அதை அப்பாவிடம் நீட்டாமல் என்னிடம் கொடுத்து, வாசி என்று சைகை காட்டினாள்.

விளக்குக்கு அடியில் நின்று உரக்கக் கூட்டினேன். "தென்…காசி… மாப்…பிள்ளை… வேண்டாம். வேலை… கிடைத்தாலும்… கிடைக்…கா…விட்டாலும்… நான்… திரும்பிப்… போக… மாட்டேன்."

ஒரு பிழைகூட இல்லை. 'கிடைக்காவிட்டாலும்' என்பது லேசான சொல்லா? பாராட்டுக்காக அப்பாவைப் பார்த்தேன், அம்மாவைப் பார்த்தேன். அத்தை மட்டும் என் கன்னத்தைத் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவளுக்குக் கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. திங்கட்கிழமை விடிந்தபோது வார்த்தை வந்தது. பழைய கணீர் இல்லை, அடியிலிருந்து வரும் கனத்த குரல். அது போதும் என்றாள். பஸ் ஸ்டாப்புக்கு அவள் கிளம்பியபோது அப்பாவும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். கஷாயம் இருந்த பிளாஸ்க்கை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். சாயங்காலம் இருவரும் சேர்ந்தே திரும்பினார்கள். எப்படி இருந்தது என்று அம்மா கேட்டதற்கு அத்தை, "வாசிச்சேன்" என்றாள். வேலை உத்தரவு வர ஒன்றரை மாதம் ஆயிற்று. அதன்பிறகு பல வருஷம் எங்கள் வீட்டு ரேடியோவில் அந்தக் குரல் செய்தி வாசித்தது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு நினைவிருப்பது வேறு. அப்பா குளிர்ந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தென்காசிக்கு ஓர் இன்லண்ட் கடிதம் எழுத ஆரம்பித்தார். நாலு வரி எழுதிக் கிழித்தார். இன்னொன்றை எடுத்து, இரண்டு வரியில் அதையும் கிழித்தார். மூன்றாவதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கும் என்னைப் போலவே தமிழ் எழுத வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்து, எந்த எழுத்து தெரியவில்லை என்று கேட்டேன்.