நேரில் வராதவர்

உடையார்பாளையத்து அமாவாசை முந்திரி மரத்திலிருந்து விழுந்து ஐந்து வருடமாகிறது. முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. மறுவாழ்வு மையத்தில் இருந்தபோதே முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான பதிவேட்டில் அவர் பெயரை ஏற்றிவிட்டார்கள்.

"உங்கள மாதிரி ஆளுங்க எப்படி இருக்காங்கன்னு இத வச்சுத்தான் மேலிடத்துக்குச் சொல்லுவோம்" என்றார் அங்கே வேலை பார்க்கும் அனுசுயா.

அதை நம்பித்தான், வருடாவருடம் அந்தப் பெண் போனில் கேட்டபோது, பெற்ற பிள்ளைகளிடம் சொல்லக் கூசியதையெல்லாம் சொன்னார். மூத்திரக் குழாய், ஆறாத படுக்கைப்புண், எதையும் மறைக்கவில்லை.

இந்த வருடம் அனுசுயா சந்தோஷமாகப் பேசினார். அந்தப் பதிவேட்டை வைத்து எழுதிய அறிக்கை வந்துவிட்டதாம். பத்துக்கு ஒன்பது பேர் சக்கர நாற்காலியில் தாமாகவே வெளியே போய்வருகிறார்களாம். படுக்கைப்புண் யாருக்குமே இல்லையாம்.

"அந்தப் பத்தாவது ஆளு நானாம்மா?"

"இல்லீங்க. பரிசோதனைக்கு நேர்ல வராதவங்கள அதுல சேர்க்கல."

எழுந்து உட்காரவே மனைவி வீராயி தாங்கிப் பிடிக்க வேண்டும். எந்த பஸ்ஸில் ஏறிப் போவார்? போனில் அத்தனை கேட்டவர்கள் அதை மட்டும் கேட்டதில்லை.

அனுசுயா வழக்கமான கேள்விக்கு வந்தார். "புண்ணு இப்ப எப்படிங்க இருக்கு?"

"அதான் யாருக்கும் இல்லன்னு எழுதிட்டீங்களேம்மா."