நான் தலையாட்டிய நேரம்

போன வருடத்துக்கு முந்திய வருடம், நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம். கண்டி டவுனில் என் துணிக்கடையில் வியாபாரம் அமோகமாக நடந்துகொண்டிருந்தது. முதலாளியாகிய நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெருவில் பெயர் வாங்கியது என் துணியல்ல, என் தூக்கம். பகல் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தால், பஸ் ஹோர்ன் அடித்தாலும் எழும்ப மாட்டேன். ஆனால் தலை மட்டும் சும்மா இருக்காது. முன்னால் விழுந்து விழுந்து எழும்பும். கடையில் என்னோடு நிற்கும் மச்சான் அதை வைத்தே ஒரு வழக்கத்தைக் கிளப்பிவிட்டார். யாராவது விலை குறைக்கச் சொன்னால், "மொதலாளிக்கிட்டயே கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டுவார். அவர்களும் கேட்பார்கள். என் தலை விழும். "ஆட்டிட்டாரு, ஆட்டிட்டாரு! டிஸ்கவுன்ட் போட்டுருவோம்!" என்பார். அந்த நேரம் பார்த்தே வர ஒரு கூட்டம் பழகிவிட்டது. நானும் லேசுப்பட்டவனா? எழும்பியதும், "தூக்கத்துலயே நஷ்டப்படுற மொதலாளி கண்டியிலயே நான் ஒருத்தன்தான்" என்று எடுத்துக் கொடுப்பேன்.

வீட்டில் கதை வேறு. இரவு முழுக்க மூத்திரம் போக எழும்பி எழும்பி நடப்பேன். "பகல்ல கடைக்குக் காவல், ராத்திரி பாத்ரூமுக்குக் காவல்" என்பாள் மனைவி. கால் வீங்கியதையும் கவனித்தேன். நாளெல்லாம் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தால் வீங்காமல் என்ன செய்யும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன்.

அன்று அக்குறணைப் பக்கமிருந்து ஒரு முஸ்லிம் அம்மா பெருநாளுக்குத் துணி எடுக்க வந்திருந்தார். விலை கேட்டவருக்கு மச்சான் வழக்கம்போல் என்னைக் காட்டியிருக்கிறார். தலை விழுந்திருக்கிறது. கடையே சிரித்த சத்தத்தில்தான் விழித்தேன். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு வார் அழுத்திய இடம் பள்ளமாக இருந்தது.

"தம்பி, ராவைக்கு எழும்பி எழும்பிப் போறீங்களா?"

"அதுதானேம்மா எனக்கு ராத்திரி வேல" என்றேன், இன்னொரு சிரிப்பை எதிர்பார்த்து.

"எங்கட ஊட்டுக்காரரும் இப்பிடித்தான், பகல்ல இருந்த எடத்துல தூங்கித் தூங்கி உழுந்தாரு. நாங்களும் சிரிச்சோம். வீடியோ எல்லாம் எடுத்தோம்." கையிலிருந்த துணியை மேசையில் வைத்தார். "கிட்னி போயிருந்திச்சு. தெரிய வரக்கொள்ள ஒண்டும் செய்ய ஏலாது. மௌத்தாகிட்டாரு. இப்ப அந்த வீடியோவப் பார்க்க ஏலாம கெடக்கு."

மச்சான் குறைத்த விலைக்குப் பில் போடப் போனார். "முழுசா போடுங்க. தூங்குற மனுசன்கிட்ட எடுக்க ஏலாது" என்று சொல்லி, முழு விலையையும் கொடுத்துவிட்டுப் போனார் அந்த அம்மா.

டொக்டரிடம் போகும்போதுகூட, திரும்பி வந்து கடையில் சொல்ல ஒரு பகிடியைத் தயார் பண்ணிக்கொண்டுதான் போனேன். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. என் கிட்னி இரண்டும் பாதிக்கு மேல் கடையைச் சாத்தியிருந்தன. பிரஷரும் ஏறிக் கிடந்தது. பகலில் தூங்குகிறவர்கள் எல்லோருக்கும் கிட்னி வருத்தம் இல்லை என்றார் டொக்டர். ஆனால் இரவில் அடிக்கடி மூத்திரம், காலில் வீக்கம், பகலில் இப்படியொரு அசதி என்று எல்லாம் சேர்ந்து வந்தபோதே பார்த்திருக்க வேண்டுமாம். வெளியே போகவேண்டிய கழிவு இரத்தத்திலேயே தங்கி ஆளை அடித்துப் போட்டிருக்கிறது. நான் கொண்டுபோன பகிடி வாயிலேயே நின்றுவிட்டது.

மருந்தால் கொஞ்சக் காலம் இழுத்துப் பிடித்தோம். இப்போது இரத்தம் சுத்திகரிக்கப் போய்ப் படுக்கிறேன். அங்கே பட்டப்பகலில் நன்றாகத் தூங்கலாம், ஒருவரும் டிஸ்கவுன்ட் கேட்பதில்லை. வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருக்கும் மச்சான், அந்த விளையாட்டைப் பிறகு எடுத்ததேயில்லை. அடுத்த பெருநாளுக்கு அந்த அம்மா வருவார் என்று பார்த்திருந்தேன். வரவில்லை.

பஸ்ஸில் யாராவது தூங்கி விழுந்தால் இப்போதும் எல்லோரும் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் கண் அவருடைய காலுக்குப் போகிறது.